லினக்ஸ்ல பிடிஎஃப் போட்டா எழுத்து ஏன் பிசிறடிக்குது? மலர் வேலையில நான் பாத்தது

லினக்ஸ்ல இருந்து பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினா எழுத்து மங்கலா வருது, ஓரமெல்லாம் பிசிறா வருதுன்னு கேக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான், எந்த செட்டிங்கையும் இப்போதைக்கு தொடாதீங்க, அந்த பிடிஎஃபுக்குள்ள எழுத்து எழுத்தாவே இருக்கா இல்ல படமா மாறிப்போச்சான்னு முதல்ல பாருங்க. இதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். இத பாக்காம ஃபான்ட்ட மாத்துறது, டிபிஐ (ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளிங்கிற கணக்கு) ஏத்துறது, பிரிண்டர தூக்கிட்டு திரும்ப போடுறதுன்னு இறங்கினா ராத்திரி முழுக்க போயிடும், பிசிறு மட்டும் அப்படியே இருக்கும்.

நான் லினக்ஸ் மின்ட்லதான் வேலை பாக்குறேன். எங்க ஊர் நூலக வாசகர் வட்டத்துக்கு சிறப்பு மலர், நண்பர்களோட கவிதைத் தொகுப்பு, கோயில் விழா அழைப்பிதழ் இப்படி எல்லாமே லிப்ரே ஆபீஸ்ல கோத்து பிரஸ்ஸுக்கு பிடிஎஃபா அனுப்புறதுதான் வழக்கம். ஒரு தடவ மலர் ப்ரூஃப் எடுத்த பிரஸ்காரர் ஃபோன் பண்ணி, "அண்ணே, சில பக்கம் மட்டும் எழுத்து பிசிறடிக்குது, மத்த பக்கமெல்லாம் சுத்தமா இருக்கு, ஃபைல் ஒண்ணுதானே அனுப்புனீங்க"ன்னு கேட்டார். ஃபைல் ஒண்ணுதான், ஃபான்ட்டும் ஒண்ணுதான், சைஸும் ஒண்ணுதான். ஆனா சில பக்கம் மட்டும்ங்கிற அந்த வார்த்தையிலதான் துப்பே இருந்துச்சு.

பிசிறடிச்ச பக்கத்த ஸ்க்ரீன்ல 800 சதவீதத்துக்கு பெருசாக்கி பாத்தேன். ழகரத்தோட அடி வளைவு படிக்கட்டு படிக்கட்டா இருக்கு, அத சுத்தி வெள்ளைப் பேப்பர்ல சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா ஒரு அழுக்கு. அடுத்த பக்கத்துல அதே ழ, எவ்வளவு பெருசாக்கினாலும் வளைவு வளைவாவே நிக்குது. அப்புறம் டெர்மினல்ல பிடிஎஃப்ஃபான்ட்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, பிடிஎஃப்ல என்னென்ன ஃபான்ட் இருக்குன்னு காட்டும், பாப்ளர் யூடில்ஸ்ங்கிற பேக்கேஜோட வரும், நிறைய டிஸ்ட்ரோல முன்னாடியே இருக்கும், இல்லன்னா ஆப்ட்ல போட்டுக்கலாம். பேர சின்ன எழுத்துல சேத்து அடிச்சு பக்கத்துல ஃபைல் பேர கொடுத்தா போதும், குறிப்பிட்ட பக்கம் மட்டும் பாக்கணும்னா ஹைஃபன் எஃப், ஹைஃபன் எல் போட்டு பக்க எண்ண கொடுக்கலாம். நல்ல பக்கத்துக்கு ஃபான்ட் பேரெல்லாம் வரிசையா வந்துச்சு. பிசிறு பக்கத்துக்கு தலைப்பு வரி மட்டும்தான், கீழ ஒண்ணுமே இல்ல. அதாவது அந்த பக்கத்துல எழுத்தே கிடையாது. அதே பேக்கேஜ்ல இருக்கிற பிடிஎஃப்இமேஜஸ்ங்கிற கமாண்ட ஹைஃபன் லிஸ்ட் போட்டு ஓட்டினா, அந்த பக்கத்துல ஒரே ஒரு படம், அகலம் 2480, உயரம் 3508. ஏ4 பக்கத்த 300 டிபிஐல படமாக்கினா வர்ற அளவு அதேதான்.

ஏன் அந்த பக்கங்கள் மட்டும்? அதுலதான் பின்னணியில நூலக முத்திரைய மெலிசா, உள்ள ஊடுருவி தெரியிற மாதிரி போட்டிருந்தோம். இங்க கொஞ்சம் உள்ள போய் பாக்கணும், ஏன்னா முக்கால்வாசிப் பேருக்கு வர்ற பிரச்னையோட வேர் இதுதான். லினக்ஸ்ல பிடிஎஃப் பண்ண மூணு வழி இருக்கு. ஒண்ணு, அப்ளிகேஷனே நேரா எக்ஸ்போர்ட் பண்றது. ரெண்டு, பிரிண்ட் டயலாக்ல பிரிண்ட் டு ஃபைல்னு இருக்கே அது. மூணு, கப்ஸ்-பிடிஎஃப்னு ஒரு பொய் பிரிண்டர் போட்டு அதுக்கு பிரிண்ட் கொடுக்கிறது, பழைய ஆளுங்க நிறைய பேர் இதத்தான் வச்சிருப்பாங்க, ஹோம்ல பிடிஎஃப்னு ஒரு ஃபோல்டர்ல வந்து விழும். இந்த மூணாவது வழியில என்ன நடக்குதுன்னா, அப்ளிகேஷன் கொடுக்கிறது பிடிஎஃப்தான், ஆனா அந்த பொய் பிரிண்டருக்கு வேண்டியது போஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கிற பழைய பிரிண்டர் மொழி, அதனால கப்ஸ், அதாவது லினக்ஸோட பிரிண்டிங் சிஸ்டம், அத போஸ்ட்ஸ்கிரிப்ட்டா மாத்துது, அப்புறம் கோஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கிற புரோகிராம் திரும்ப பிடிஎஃபா மாத்துது. போற வழியில ரெண்டு மாற்றம். போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு ட்ரான்ஸ்பரன்சின்னா என்னன்னே தெரியாது, அது 1984ல வந்த மொழி, ஊடுருவி தெரியிற சமாச்சாரம் பிடிஎஃப் 1.4லதான் வந்துச்சு. அதனால ஒரு பக்கத்துல மெலிசான வாட்டர்மார்க், நிழல் விழுந்த டப்பா, பின்னணி இல்லாத பிஎன்ஜி லோகோ எது இருந்தாலும், மாத்துற புரோகிராம் அந்த பக்கத்த தட்டையாக்கியே தீரணும், பெரும்பாலும் பக்கம் மொத்தத்தையும் ஒரே படமா வழிச்சு எடுத்துடும். லோகோவுக்காக பக்கத்துல இருக்கிற அத்தன எழுத்தும் படமாயிடுது.

300 டிபிஐ போதாதான்னு கேட்டாங்க. ஃபோட்டோவுக்கு போதும். எழுத்துக்கு போதாது. ஆஃப்செட்டுக்கு ப்ளேட் எடுக்கிற மெஷின் வழக்கமா 2400 டிபிஐ கிட்ட ஓடும், எழுத்து எழுத்தாவே போனா அந்த கூர்மை முழுசா கிடைக்கும், படமா போனா 300க்கு மேல ஒரு புள்ளிகூட கிடைக்காது. அதுலயும் அந்தப் படம் ஜேபெக்கா அமுக்கப்பட்டா எழுத்த சுத்தி அந்த சாம்பல் அழுக்கு சேந்துக்கும். 10 பாயிண்ட்ல ஙகரமும் ஞகரமும் அடிச்சு பாருங்க, உள்ள இருக்கிற சின்ன வெள்ளையெல்லாம் அடைஞ்சுபோய் என்ன எழுத்துன்னே தெரியாது. தமிழ்ல சுழியும் வளைவும் ஜாஸ்தி, அதனால இங்கிலீஷ் பக்கத்துல சமாளிச்சுப் போற மங்கல் தமிழ்ல உடனே கண்ணுல படும்.

தீர்வு ரொம்ப சின்னது. லிப்ரே ஆபீஸ்ல ஃபைல் மெனுவுல எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்னு இருக்கே, அதுல நேரா எடுத்தோம், வாட்டர்மார்க் அப்படியே இருக்க எழுத்தும் எழுத்தாவே வந்துச்சு. எக்ஸ்போர்ட் வசதி இல்லாத புரோகிராம்னா பிரிண்ட் டு ஃபைல் போங்க, ஜிடிகேங்கிற டூல்கிட்ல எழுதின அப்ளிகேஷன்கள்ல அது கைரோங்கிற லைப்ரரி வழியா நேரா பிடிஎஃப் எழுதும், போஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கமே போகாது. கப்ஸ்-பிடிஎஃப் வேற வழியே இல்லாதப்ப மட்டும். ஓக்குலர்ங்கிற பிடிஎஃப் வியூவர்ல இருந்து பிரிண்ட் கொடுக்கிறவங்க இன்னொண்ணும் பாத்துக்கணும், அதோட பிரிண்ட் டயலாக்ல ஃபோர்ஸ் ராஸ்டரைசேஷன்னு ஒரு டிக் இருக்கும், அது விழுந்திருந்தா எல்லா பக்கமும் படம்தான்.

இப்ப பிடிஎஃப்ஃபான்ட்ஸ் லிஸ்ட்ல பேர் எல்லாம் வருது, ஆனாலும் எழுத்து சரியில்லன்னா அடுத்த கட்டம். அந்த டேபிள்ல முதல் காலம், அதாவது முதல் நெடுக்கு வரிசை, ஃபான்ட் பேர், பேருக்கு முன்னாடி ஆறு பெரிய எழுத்தும் ஒரு ப்ளஸ்ஸும் இருந்தா பயப்படாதீங்க, வேண்டிய எழுத்த மட்டும் பிரிச்சு உள்ள வச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் டைப், அப்புறம் எம்ப், சப், யூனின்னு வரும். எம்ப்னா ஃபான்ட் பிடிஎஃபுக்குள்ளயே இருக்கான்னு சொல்றது. எம்ப் காலத்துல நோன்னு ஒரே ஒரு வரி இருந்தாகூட ஃபைல அனுப்பாதீங்க. உங்க மெஷின்ல அந்த ஃபான்ட் இருக்கிறதால உங்களுக்கு சரியா தெரியும், பிரஸ்ல இல்லன்னா வேற ஏதாவது வந்து உக்காரும். யூனிகோட் வராத காலத்து பாமினி மாதிரி ஃபான்ட்ல இது ரொம்ப கொடுமை, தமிழ்னு அடிச்ச இடத்துல ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன் இப்படித்தான் தெரியும், ஏன்னா அந்த ஃபான்ட்ல இங்கிலீஷ் எழுத்தோட இடத்துலதான் தமிழ் எழுத்து உக்காந்திருக்கு. சில ஃபான்ட்ல உள்ள வைக்கக் கூடாதுன்னு ஃபைலுக்குள்ளயே ஒரு தடைக்குறி இருக்கும், அப்ப நீங்க என்ன பண்ணினாலும் ஒழுங்கா உள்ள போகாது, ஃபான்ட்ட மாத்துறதுதான் வழி.

டைப் காலத்துல ட்ரூடைப், சிஐடி ட்ரூடைப், டைப் 1சி, சிஐடி டைப் 0சி இதெல்லாம் நல்ல சேதி. டைப் 3ன்னு இருந்தா நின்னு பாக்கணும். டைப் 3 கண்டாலே கெட்டதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, முழுசா அப்படி இல்ல. டைப் 3ல ஒவ்வொரு எழுத்தும் ஒரு குட்டி வரைபடம், அது கோடா வரைஞ்சதாவும் இருக்கலாம், புள்ளிகளா நிரப்பினதாவும் இருக்கலாம். கோடா இருந்தா எவ்வளவு பெருசாக்கினாலும் சுத்தமா இருக்கும், பிரஸ்லயும் நல்லாவே வரும், ஸ்க்ரீன்ல மட்டும் ஹின்டிங் (எழுத்த ஸ்க்ரீன் புள்ளிக்கு ஏத்த மாதிரி ஒழுங்குபடுத்துற குறிப்பு) இல்லாததால சின்ன சைஸ்ல கொஞ்சம் கனமாவோ சோகையாவோ தெரியும். புள்ளியா இருந்தாதான் படிக்கட்டு. அதனால டைப் 3 பாத்ததும் பெருசாக்கி பாத்து எந்த ரகம்னு முடிவு பண்ணுங்க.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறவங்களுக்கு இந்த டைப் 3 ரெண்டு பக்கத்துல இருந்து வரும். பிடிஎஃப்லேடெக்ஸ்ல டி1 என்கோடிங் போட்டு, சிஎம்-சூப்பர் பேக்கேஜ் இல்லாம இருந்தா 600 டிபிஐ புள்ளி எழுத்து வந்து உக்காந்துக்கும், சிஎம்-சூப்பர் இன்ஸ்டால் பண்ணுங்க இல்ல எல்மாடர்ன் போடுங்க, போயிடும். மேட்பிளாட்லிப் கிராஃப்ல வர்றது கோடு ரகம், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா டைப் 3ன்னாலே திருப்பி அனுப்புற மாநாடுகள் இருக்கு, அதனால ஆர்சிபேராம்ஸ்ல பிடிஎஃப் ஃபான்ட்டைப்ப 42ன்னு வச்சுடுங்க. தமிழ எக்ஸீலேடெக்ஸ்ல ஃபான்ட்ஸ்பெக்கோட எழுதுறவங்களுக்கு இந்த தொல்லையே இல்ல.

நம்மாளுங்களுக்கு டைப் 3 வர்ற முக்கியமான வழி வேற. வேரியபிள் ஃபான்ட். 2016ல ஓபன்டைப் 1.8ல வந்த விஷயம், ஒரே ஃபைலுக்குள்ள மெலிசுல இருந்து தடிமன் வரைக்கும் எல்லா எடையும் இருக்கும், வெப்சைட்டுக்கு ரொம்ப அருமையான ஏற்பாடு. ஆனா பிடிஎஃபுக்கு வேரியபிள் ஃபான்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது, எந்த எடை வேணுமோ அத தனியா வெட்டி எடுத்துத்தான் உள்ள வைக்கணும். இத ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு மாதிரி பண்ணுது. குரோமியம் வகை ப்ரௌசர்ல இருந்து எடுத்தா டைப் 3ஆ போகும். லிப்ரே ஆபீஸ்ல 7.5ல இருந்துதான், அதாவது 2023ல இருந்துதான், இத ஒழுங்கா பிடிஎஃப்ல வைக்கிற வசதி வந்துச்சு, அதுக்கு முந்தின வெர்ஷன் வச்சிருக்கிறவங்களுக்கு ஸ்க்ரீன்ல தலைப்பு போல்டா இருக்கும், பிடிஎஃப்ல சாதாரணமா வரும்.

கவிதைத் தொகுப்பு ஒண்ணுல இதேதான் நடந்துச்சு, தலைப்பெல்லாம் சோகையா வந்திருக்கேன்னு கவிஞருக்கு வருத்தம், அவர் மெஷின்ல இருந்தது நோட்டோ சான்ஸ் தமிழோட வேரியபிள் ஃபைல். கூகுள் ஃபான்ட்ஸ்ல டவுன்லோட் பண்ணினா வர்ற ஜிப்ப திறந்து பாருங்க, மேலாக வேரியபிள் ஃபைல் கிடக்கும், உள்ள ஸ்டாட்டிக்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல ரெகுலர், போல்ட், செமிபோல்டுன்னு தனித்தனி ஃபைலா இருக்கும். அச்சு வேலைக்கு அந்த ஸ்டாட்டிக் ஃபோல்டர்ல இருக்கிறத மட்டும் போடுங்க, வேரியபிள தூக்கிடுங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா எத எடுக்கும்னு சொல்ல முடியாது. ஃபான்ட்ட மாத்தினதுக்கப்புறம் ஃபான்ட் பட்டியல புதுப்பிக்கிற எஃப்சி-கேஷ் கமாண்ட ஓட்டிட்டு லிப்ரே ஆபீஸ மூடித் திறந்துட்டு எக்ஸ்போர்ட் பண்ணினோம், தலைப்பு தலைப்பா நின்னுச்சு.

போல்ட் பத்தி இன்னொரு விஷயம், இது தமிழ்ல ரொம்ப நடக்குது. லோஹித் தமிழ்னு லினக்ஸ்ல காலங்காலமா இருக்கிற ஃபான்ட், சாதாரண எழுத்துக்கு குறை சொல்ல முடியாது, ஆனா அதுல ரெகுலர் மட்டும்தான் உண்டு. நீங்க பி பட்டன அமுக்கினா சிஸ்டம் இருக்கிற எழுத்தையே ஊதி தடிமனாக்கி காட்டும். ணகரத்தோட சுழிக்குள்ள இருக்கிற வெள்ளை அதுல அடைஞ்சுபோகும், பேப்பர்ல மை வேற கொஞ்சம் பரவும், முடிஞ்சுது கதை. நிஜமான போல்ட் ஃபைல் இருக்கிற குடும்பமா எடுங்க, நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரான் இப்படி நிறைய இருக்கு, எல்லாமே இலவசம், திறந்த உரிமம். முக்தா மலர்ல மட்டும் ஏழு எடை இருக்கு.

விண்டோஸ்ல லதா இல்ல விஜயா போட்டு அடிச்ச டாக்குமென்ட் வந்தா இன்னொரு கூத்து. லிப்ரே ஆபீஸ் மேல ஃபான்ட் பேர்ல லதான்னுதான் காட்டும், பேர சாய்ஞ்ச எழுத்துல காட்டினா அது உங்ககிட்ட இல்லன்னு அர்த்தம், உண்மையில வேற ஃபான்ட்தான் ஓடிட்டிருக்கும். எஃப்சி-மேட்ச்னு கமாண்ட் கொடுத்து லதான்னு பேர கொடுத்தா யாரு வந்து உக்காருறாங்கன்னு சொல்லிடும். இப்படி மாத்து ஃபான்ட் வந்தா எழுத்தோட அகலம் மாறும், வரி உடையிற இடம் மாறும், பக்கம் தள்ளும், சில சமயம் ஒரே வரியில ரெண்டு ஃபான்ட் கலந்து நிக்கும், பாக்குறவங்க இதையும் குவாலிட்டி மோசம்னுதான் சொல்வாங்க. நான் வந்த உடனேயே டாக்குமென்ட்ல இருக்கிற ஸ்டைல் எல்லாத்தையும் கையில இருக்கிற ஒரு ஃபான்ட்டுக்கு மாத்திட்டுத்தான் மத்த வேலைய ஆரம்பிக்கிறேன். அதுல ஒரு சூட்சுமம், லிப்ரே ஆபீஸ்ல தமிழுக்கு ஃபான்ட் வேற இடத்துல இருக்கு, இங்கிலீஷுக்கு வேற இடத்துல இருக்கு, காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்னு இருக்கே அதுதான் நம்ம எழுத்துக்கு. மேல இருக்கிறத மட்டும் மாத்திட்டு ஏன் மாறலன்னு உக்காந்திருக்கிறவங்கள நான் பாத்திருக்கேன்.

இங்கிலீஷ் வெப் பேஜ பிரிண்ட் பண்ணும்போது மட்டும் எழுத்து படிக்கட்டா வருதுன்னா அது எக்ஸ்11ங்கிற பழைய ஸ்க்ரீன் சிஸ்டத்தோட புள்ளி ஃபான்ட், பேஜ் ஹெல்வெட்டிகாங்கிற ஃபான்ட்ட கேட்ட இடத்துல அது வந்து நிக்கும். டெபியன், உபுண்டு பக்கம் இருக்கிறவங்க ஃபான்ட்கான்ஃபிக்-கான்ஃபிக் பேக்கேஜ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் பண்ணினா பிட்மேப் ஃபான்ட் வேணுமான்னு ஒரு கேள்வி வரும், வேணாம்னுடுங்க.

பிடிஎஃப் நல்லாத்தான் இருக்கு, ஸ்க்ரீன்ல மட்டும் மோசமா தெரியுதுங்கிறதும் உண்டு. ஒரே ஃபைல எவின்ஸ்ல, மியூபிடிஎஃப்ல, ஃபயர்ஃபாக்ஸ்ல திறந்து பாருங்க, ஒண்ணுல மட்டும் மோசம்னா ஃபைல் மேல தப்பில்ல. எனக்கு சந்தேகம் வந்தா பிடிஎஃப்டுபிபிஎம்ங்கிற கமாண்ட்ல ஒரு பக்கத்த மட்டும் 1200 டிபிஐல படமாக்கி அதுல ஒரு வார்த்தைய பெருசாக்கி பாப்பேன், பேப்பர்ல என்ன வரப்போகுதோ அத அதுல கிட்டத்தட்ட பாத்துடலாம்.

நல்லா வந்த பிடிஎஃப கடைசி நேரத்துல கெடுக்கிறது சைஸ் குறைக்கிற வேலை. மெயில்ல போகலன்னு கோஸ்ட்ஸ்கிரிப்ட்ல பிடிஎஃப்செட்டிங்ஸ ஸ்க்ரீன்னு கொடுத்து அமுக்குவாங்க, அது படங்கள 72 டிபிஐக்கு இறக்கிடும், ஈபுக்னா 150, பிரிண்டர்னா 300. எழுத்து எழுத்தா இருந்தா இதுல ஒண்ணும் ஆகாது, ஆனா முன்னாடி சொன்ன மாதிரி படமா மாறின பக்கம் இருந்தா ஏ4 மொத்தமும் 595க்கு 842 புள்ளியில வந்து நிக்கும், படிக்கவே முடியாது. ஃபோட்டோதான் கனம்னா லிப்ரே ஆபீஸ் எக்ஸ்போர்ட் டயலாக்லயே படத்தோட ரெசல்யூஷன 300க்கு இறக்கிக்கலாம், அது போதும். வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்புங்க, பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினத வச்சு அச்சடிச்ச நோட்டீஸ்கூட என் கைக்கு வந்திருக்கு.

எழுத்து எழுத்தாவே இருக்கு, ஃபான்ட் உள்ள இருக்கு, ஆனாலும் ஆஃப்செட்ல எழுத்தோட ஓரத்துல லேசா சிவப்போ நீலமோ தெரியுதா? அது ஃபான்ட் பிரச்னையே இல்ல, கருப்போட பிரச்னை. லிப்ரே ஆபீஸ் கலர ஆர்ஜிபியிலதான், அதாவது ஸ்க்ரீனுக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்குலதான், கொடுக்கும், பிரஸ்ல அத நாலு கலருக்கு பிரிக்கும்போது கருப்பு எழுத்து நாலு ப்ளேட்டுலயும் ஏறிடலாம், அப்படி ஏறினா ப்ளேட் ஒரு முடியளவு நகந்தாலே எழுத்துக்கு நிழல் விழும். உள்பக்கம் கருப்பு மட்டும்தான்னா கோஸ்ட்ஸ்கிரிப்ட்ல பிடிஎஃப்ரைட் டிவைஸ் வச்சு கலர்கன்வர்ஷன்ஸ்ட்ராட்டஜிய கிரேன்னும், பிராசஸ்கலர்மாடல டிவைஸ்கிரேன்னும் கொடுத்து ஒரு தடவ ஓட்டினா எழுத்து கருப்பு ப்ளேட்டுல மட்டும் நிக்கும். கோஸ்ட்ஸ்கிரிப்ட்ல இருந்து வெளிய வந்த ஃபைலுக்கு மறுபடி பிடிஎஃப்ஃபான்ட்ஸ் ஓட்டி, எல்லா வரியும் எம்ப்ல எஸ்ஸுன்னு இருக்கா, புதுசா டைப் 3 ஏதும் முளைச்சிருக்கான்னு பாத்துக்குறேன். அட்டைய மட்டும் ஸ்க்ரைபஸ்ங்கிற பக்க வடிவமைப்பு புரோகிராம்ல கோத்து சிஎம்ஒய்கேல, அதாவது அச்சோட நாலு கலர் கணக்குல, எடுத்துடுறேன், அதுல எழுத்துக்கு கருப்பு மட்டும் 100 சதவீதம், மத்த மூணும் சைபர்னு நாமளே வச்சுக்க முடியும்.